குலுக்கிக் குடிப்பவர்

விடிந்தும் விடியாமலும் நீங்கள் ஒரகடம் கூட்டு ரோடு பக்கம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கின்றன, டீக்கடையில் பாய்லர் சீறுகிறது. இத்தனைக்கும் நடுவில் 'கடகட, கடகட' என்று ஒரு சத்தம் தனியாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். எந்த வண்டியிலும் நட்டு கழன்றுவிடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் பவுடரையும் தண்ணீரையும் விட்டு, கட்டி தட்டாமல் இருக்கக் கம்பி உருண்டை ஒன்றையும் போட்டு, ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குலுக்குகிறார். அவர்தான் குலுக்கிக் குடிப்பவர். இன்றைக்கு நாம் பார்க்கப்போகிற ஜீவன்.

இவரை ஓட்டக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டக்காரரிடம் 'எவ்வளவு ஓடினீர்கள்' என்று கேட்டால் தூரத்தைச் சொல்லுவார். இவர் பட்டியலைச் சொல்லுவார். ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மெல்ல வேண்டியது, கால் மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டியது, ஓடும்போது இடுப்புப் பையிலிருந்து பிதுக்கிச் சப்ப வேண்டியது, ஓடி முடித்து மூச்சு அடங்குவதற்குள் மறுபடி குடிக்க வேண்டியது, குளித்துவிட்டு வந்து விழுங்க வேண்டியது, படுக்கப் போகுமுன் கரைக்க வேண்டியது என்று அவருடைய வாய்க்கு நாள் முழுக்க ஓய்வே கிடையாது. இதற்கெல்லாம் இடையில் அரை மணி நேரம் கிடைத்தால் கொஞ்சம் ஓடியும் வைக்கிறார்.

அவரைத் தாண்டி நைசாக ஓடிப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கையை நீட்டி நிறுத்திவிடுவார்.

"காலையில இன்னா எடுத்துக்கினு ஓடறீங்க?"

"ஒண்ணும் எடுக்கலீங்க. ஒரு டீ குடிச்சேன்."

உங்கள் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டதைப் போல அவர் முகம் வாடும். தோளில் கை வைப்பார். "வெறும் வயித்துல ஓடனா உடம்பு கொழுப்ப கரைக்காது சார். சதையத்தான் தின்னும். தெரியுமா உங்களுக்கு?"

உங்களுக்கு எப்படித் தெரியும்? போன வாரம் வரைக்கும் அவருக்கே தெரியாது.

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. ஒருவரை நிற்க வைத்துப் பார்ப்போம். சேரப்பணஞ்சேரி பரசுராமன். வயது நாற்பத்திரண்டு. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மருத்துவ முகாமில் டாக்டர் அவரைப் பார்த்து, 'கொஞ்சம் நடங்க' என்றார். அந்த டாக்டர் அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம். பரசுராமன் நடந்தார், பிறகு ஓடினார், பிறகு ஓடுவதைப் பற்றிப் போனில் வீடியோ பார்த்தார். முதல் டப்பா வீட்டுக்கு வந்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்த தூரம் ஐந்து கிலோமீட்டர். இன்றைக்கு வீட்டில் பதினான்கு டப்பா இருக்கிறது. தூரம் அதே ஐந்துதான்.

ஓட்டம் முடிந்து முப்பது நிமிடத்துக்குள் புரதம் உள்ளே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஓடியதெல்லாம் வீண் என்பது இந்த இனத்தாரின் வேதவாக்கு. மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று பரசுராமன் ஓடிவிட்டு நேராக அங்கே போயிருந்தார். ஹோமம் நடக்கிறது. ஐயர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லுகிறார். அந்தச் சமயம் பார்த்து இருபத்தெட்டாவது நிமிடம் ஆகிவிட்டது. மனுஷன் என்ன செய்வார்? மந்திரத்துக்கு நடுவே 'கடகட' என்று குலுக்கினார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் புரோகிதத்தில் இது எந்த வாத்தியம் என்று யோசித்தார். மச்சான் ஆறு மாதம் பேசவில்லை. அதனால் என்ன, சதை மிச்சமாயிற்றே.

அவருடைய மனைவி சசிரேகாவின் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர்களெல்லாம் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஷோகேஸ் முழுக்க டப்பா.

"இன்னாங்க இது, வூடா மருந்துக் கடையா?"

"மருந்து இல்லடி. சப்ளிமெண்ட்டு. சாப்பாட்டுல இல்லாத சத்த குடுக்கறது."

"அப்ப இனிமே நான் சோறு ஆக்க வாணாமா?"

"சோறும் சாப்புடுவேன்."

"அத்தயும் சாப்புடுவீங்களா" என்று சொல்லிவிட்டு சசிரேகா உலை வைக்கப் போய்விட்டாள்.

இந்த டப்பாக்களை அவர் வைத்திருக்கிற ஒழுங்கைச் சொல்ல வேண்டும். கம்பெனி ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு எந்த மாதம் வந்ததோ அந்த மாதத்துக்குரிய நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழைய நிறம் தீர்ந்த பிறகுதான் புதிய நிறத்தில் கை வைக்கலாம். நல்ல வழக்கம்தான். பிரேக் பாகத்துக்கு. பரசுராமன் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். விதவிதமான டப்பாக்கள் பார்வைக்கு அசிங்கமாக இருக்கின்றன என்று எல்லாப் பவுடரையும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்களில் கொட்டி, மாத ஸ்டிக்கரை ஒட்டினார். எது எந்த மாதம் வந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். உள்ளே இருப்பது என்ன என்பதை எழுதி வைக்கவில்லை. அதுதான் மனசில் இருக்கிறதே. எல்லாப் பவுடரும் வெள்ளை என்பதையோ, எல்லாவற்றிலும் வெனிலா வாசனைதான் அடிக்கிறது என்பதையோ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மனிதரால் அவருக்கு மட்டும்தான் கெடுதல் என்றால் நாமும் சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் இந்த இனத்துக்குத் தனியாகக் குடிக்கத் தெரியாது. தன் கையால் ஊட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். பரசுராமனுக்கு மாரிசெல்வி கிடைத்தாள்.

மாரிசெல்வி கயத்தாறு பக்கத்துப் பெண். இருபத்தொரு வயது. அதே கம்பெனியில் டிரெய்னி. படப்பையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மார்ச் மாதத்தோடு அவளுடைய இரண்டு வருஷப் பயிற்சி முடிகிறது. முடிந்ததும் ஒரு சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு முன்னால் வந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் அவளுக்காகக் காத்திருந்தது அம்மா வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே திரும்பிப் போவதில்லை என்று அவள் மனசுக்குள் சத்தியம் பண்ணியிருந்தாள்.

அக்டோபர் மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பிப்ரவரியில் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகின்றன. அதில் ஐம்பது நிமிடத்துக்குள் ஓடி முடிக்கிற பெண் டிரெய்னியைக் கம்பெனி விளையாட்டு அணியில் சேர்த்துக்கொள்வார்கள். அணியில் சேர்ந்தவருக்கு வேலை நிரந்தரம். மாரிசெல்வி பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஓடியவள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓடிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டரை நிமிடம் ஆயிற்று. இரண்டரை நிமிடத்தைக் குறைத்தால் தீப்பெட்டி ஆபீஸ் இல்லை. அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அதே நோட்டீஸைப் பரசுராமனும் படித்தார். அவருக்கும் நம்பிக்கை வந்தது. அதுதான் வினை.

"இன்னா எடுக்கறமா நீ?" என்றார், அவள் வேலை செய்கிற மெஷின் லைனுக்கே வந்து.

"ஹாஸ்டல்ல போடுததச் சாப்பிடுதேன் சார்."

"அத்த உட்டுத் தள்ளு. உன் டேலண்ட்டுக்கு நான் கேரண்டி. உன் நியூட்ரிஷனுக்கும் இனிமே நானே கேரண்டி."

அவர் சூப்பர்வைசர், அவள் டிரெய்னி. வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவாள்? அதோடு, உண்மையைச் சொன்னால், அந்த மனிதரிடம் கள்ளம் கபடம் எதுவும் கிடையாது. ஒரு காசு வாங்காமல், தன் டப்பாவிலிருந்து தானே அளந்து, தினமும் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். இந்த இனத்தாரில் பாதிப்பேர் நல்லவர்கள். அதனால்தான் அவர்களிடமிருந்து தப்பிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

மாரிசெல்வி குடித்தாள். அடுத்த ஞாயிறு ஐம்பத்து மூன்று நிமிடம். அதற்கடுத்த ஞாயிறு ஐம்பத்து நாலரை. ஏழாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டியது, கால் இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. "தல கிறுகிறுன்னு வருது சார்" என்றாள். பரசுராமன் யோசித்தார். அமினோ பற்றவில்லை என்று கண்டுபிடித்தார். அமினோ கொடுத்ததும் ஐம்பத்தைந்து ஆயிற்று. உப்புச் சத்து இறங்கிவிட்டது என்றார். உப்புச் சத்து ஏற்றியதும் ஐம்பத்தாறு. "உடம்பு பழகிக்கினு கீது. ஏறுறதுக்கு முன்னால கொஞ்சம் இறங்கும்" என்று விளக்கம் சொன்னார். லைனில் ஒரு பாகம் அளவு தப்பி வந்தால் அதைச் செய்த மெஷினை உடனே நிறுத்தி, ஏன் என்று ஐந்து தடவை கேட்கிற மனிதர் இவர். இங்கே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் மாரிசெல்வி லைனில் நின்றபடியே கண் இருண்டு சரிந்தாள். பக்கத்தில் வேலை செய்கிற மெர்சிதான் தாங்கிப் பிடித்தாள். மெர்சி தூத்துக்குடிக்காரி, அதே ஹாஸ்டல், அதே அறை.

"ஏட்டி, ஒன் நகத்தப் பாத்தியா? வெளுத்துப் போயிக் கெடக்கு. அவரு பவுடரக் கொண்டு கடல்ல கொட்டு. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் எட்டரை இருந்தது. நர்ஸ் அந்தக் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தினி ரத்தத்த வச்சிக்கினு நீ ஓடறியா? நடக்கறதே பெருசுமா." டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பழைய மருந்துச் சீட்டில் மடித்துக் கொடுத்தார். "இத்த போடற நேரத்துல டீ குடிக்காத. பாலு, பவுடரு எதுவும் கூட சேக்காத. சேத்தினா உள்ள இறங்காது. மாசா மாசம் வந்து ரத்தத்தக் காட்டு."

மாரிசெல்வி மறுநாள் பரசுராமனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அது புள்ளத்தாச்சிங்களுக்கு சும்மா குடுக்கற மாத்திரைமா. ரன்னருக்கு அது எதுக்கு? சும்மா கெடைக்கறதுல இன்னா சத்து இருக்கும் சொல்லு." அன்றைய பாட்டிலை நீட்டினார்.

"சரி சார். பெறவு குடிச்சிக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் குடிக்கவில்லை. பாட்டிலை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனதும் மெர்சி அதைச் சாக்கடையில் கொட்டிப் பளபளவென்று கழுவிக் கொடுப்பாள். பரசுராமனுக்கு அந்தச் சுத்தமான பாட்டிலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறாளே.

டிசம்பர் கடைசியில் ஐம்பத்து மூன்று. பொங்கல் கழித்து ஐம்பத்தொன்றரை. பிப்ரவரி முதல் ஞாயிறு ஐம்பது நிமிடம் இருபது விநாடி. பரசுராமன் ஒவ்வொரு வாரமும் அந்த நேரங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே தன் டப்பாக்களின் படத்தையும் போட்டார். நூற்று நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள்.

ஓட்டத்தன்று காலை. அகலமான அந்த ரோட்டில் ஒரு பக்கத்தை மூடிவிட்டு, ஐந்து கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பி வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பரசுராமனும் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தார். கெண்டைக்காலில் இறுக்கமான உறை, இடுப்பில் பை, பையில் பிதுக்கிச் சப்புகிற ஜெல் ஆறு, கையில் இரண்டு பாட்டில். முந்தின நாள் முழுக்க இதே யோசனையாக இருந்து, சரியாகத் தூங்காமல், விடிகிறதற்குள் எழுந்து, ஷோகேஸ் முன்னால் நின்றிருந்தார். ஓட்டத்துக்கு முன்னால் குடிக்கிற பவுடர் மஞ்சள் ஸ்டிக்கர் டப்பாவிலும் இருக்கலாம், பச்சையிலும் இருக்கலாம் என்று சின்ன சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் விதி இருக்கிறது அல்லவா? மஞ்சள் செப்டம்பர் மாதம், பச்சை டிசம்பர். முதலில் வந்தது முதலில் போகணும். மஞ்சளைத் திறந்தார். விசேஷமான நாள் என்பதால் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போட்டார், இரண்டு பாட்டிலிலும்.

"இத்த இப்பவே குடி. இன்னிக்கு ஸ்பெஷல். நாப்பத்தெட்டுல முடிப்ப" என்று ஒன்றை மாரிசெல்வியிடம் கொடுத்தார்.

"குடிச்சிக்கிடுதேன் சார்" என்று அவள் அதைப் பைக்குள் வைத்தாள். பரசுராமன் தன்னுடையதைக் குலுக்கினார், முகர்ந்தார், சூரியன் வருகிற திக்கைப் பார்த்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

ஆறு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். முதல் கிலோமீட்டரில் பரசுராமனுக்கு உடம்பு லேசாக இருந்தது. இரண்டாவதில் ஒரு கொட்டாவி வந்தது. ஆக்சிஜன் நன்றாக உள்ளே போகிறது என்று எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து மூன்று கொட்டாவி வந்தது. கை கால் தளர்ந்தது. 'பதட்டமே இல்ல பாரு, பவுடர் புடிச்சிக்கிச்சி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பஸ் நிழற்குடை, அதற்குள் நீளமான சிமெண்ட் பெஞ்சு. ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார். லேஸை இறுக்குவதற்குச் சாய்ந்துகொண்டால் வசதியாக இருக்கும் என்று தோன்றியது. சாய்ந்தார்.

மாரிசெல்வி ஐந்தாவது கிலோமீட்டரில் திரும்பி, ஏழாவதை முடித்து அந்த நிழற்குடைக்கு வந்தபோது கடிகாரம் முப்பத்து நான்கரை நிமிடம் காட்டியது. இதே வேகத்தில் போனால் போதும், ஐம்பதுக்குள் முடித்துவிடலாம். அப்போதுதான் பெஞ்சில் மல்லாந்து, ஒரு கை தரையில் தொங்க, வாய் திறந்து கிடந்த ஆளைப் பார்த்தாள். அவளைச் சுற்றி ஓடியவர்கள் ஒருத்தரும் நிற்கவில்லை. அவள் நின்றாள். மார்ச் மாதமும் தீப்பெட்டி ஆபீஸும் அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் நின்றாள்.

"சார், சார், என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா? எந்திரிங்க சார்." உலுக்கினாள். மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் கொடுக்கிற தொண்டர் ஒருவரைக் கூப்பிட்டாள்.

பரசுராமன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஜெல்லு எடுத்தியாமா?" என்றார். பிறகு குறட்டை விட்டார்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டு, மறுபடி ஓடத் தொடங்கினாள். அந்தத் தொண்டர் முகத்தில் தண்ணீரை அடித்தபோது பரசுராமன் நிஜமாகவே விழித்தார். "அந்தப் பொண்ணு உங்களுக்கோசரம் முக்கா நிமிஷம் நின்னுச்சு சார்" என்றார் தொண்டர்.

முக்கால் நிமிடம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் சரக்கைத் திருப்பி அனுப்புகிற பரசுராமனுக்கு முக்கால் நிமிடம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கம் தெளிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வேலையைத் தான் கெடுத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது; பயமாகவும் இருந்தது. தொண்டரின் பைக்கில் ஏறி முடிவுக் கோட்டுக்குப் போனார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தொன்பது பத்து, இருபது, முப்பது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார். ஒரு சாமியிடமும் பவுடரைப் பற்றிப் பேசவில்லை. நாற்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொரு விநாடியில் மாரிசெல்வி கோட்டைத் தாண்டி முழங்காலில் கை ஊன்றி நின்றபோது, அவர் கண்ணில் நீர் முட்டியது. அது பொய்யில்லை. அந்த நான்கைந்து நிமிடமும் அவர் நம் எல்லாரையும்விட நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

பிறகு மைக் வந்தது. எச்.ஆர். அதிகாரி மணிகண்டபிரபு மாரிசெல்வியின் பக்கத்தில் வந்து, "வாழ்த்துகள். டீம்ல இடம் கன்பார்ம். இந்த வெற்றியோட ரகசியம் என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டார். பரசுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெண்டைக்கால் உறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, போட்டோவில் விழுகிற மாதிரி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மெர்சிதான் சார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ரத்தம் கம்மியா இருந்துச்சு. இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாவ. மூணு மாசமா அதத்தான் போடுதேன்."

"வேற என்ன எடுத்துக்கறீங்க?"

"சோறு திங்கேன் சார்."

கூட்டம் சிரித்தது. பரசுராமனும் சிரித்தார், வேறு வழியில்லை. கூட்டம் கலைந்ததும் மாரிசெல்வி பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். நிறைந்திருந்தது. "மன்னிச்சிக்கிடுங்க சார். நீங்க வருத்தப்படுவியன்னுதான் சொல்லல" என்றாள்.

அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். சசிரேகா மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு எடுத்துக்கினு போனீங்க? தூக்கம் வரலன்னு வாங்குனீங்களே, அமுக்கரா, மெக்னீசியம்னு இன்னாவோ சொன்னீங்க. அடியில கொஞ்சம் கசக்கும். அதானே இது?"

பரசுராமன் உட்கார்ந்துவிட்டார். மாரிசெல்வியும் இதைக் குடித்திருந்தால்? பெஞ்சில் இரண்டு பேர் படுத்திருப்பார்கள். ஒருவர் மறுநாள் வேலைக்குப் போயிருப்பார். இன்னொருத்தி மார்ச் மாதம் பெட்டி கட்டியிருப்பாள். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பவுடரும் குடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், இந்த டப்பாக்களையெல்லாம் தலையைச் சுற்றி எறிய வேண்டும் என்று அவர் மனசார நினைத்தார். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நினைத்தார். ஐந்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை கூட்டு ரோட்டில் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். நடுவில் பரசுராமன். கையில் பதினைந்தாவது டப்பா.

"அயன். அதான், இரும்புச் சத்து. ஓடறவனுக்கு அஸ்திவாரமே அயன்தான். அதுல நாலு வகை கீது. கவர்மெண்ட்டுல குடுக்கறது ஒரு வகை. நான் இப்ப எடுக்கறது உள்ள போனதும் நேரா ரத்தத்துக்குப் போற வகை. அந்தப் பொண்ணு மாரிசெல்விய பாத்தீங்கல்ல?"

"அதுக்கு யாரு சொன்னது அயன் சாப்பிடச் சொல்லி?" என்று ஒருவர் கேட்டார்.

"அதோட கோச்சு யாரு?" என்று பரசுராமன் திருப்பிக் கேட்டார். பொய் சொல்லவில்லை, பாருங்கள். கேள்விதான் கேட்டார்.

அந்த வழியாக ஓடிவந்த மாரிசெல்வி நின்றாள். "சார் சொல்லுதது சரிதான். ஆனா மொதல்ல ரத்தத்தப் பாக்கணும் சார். கம்மியா இல்லாதவங்க சும்மா போட்டா வயித்துக்கு ஆவாதுன்னு நர்சம்மா சொன்னாவ" என்றாள்.

"அத்த பொறவு பாத்துக்கலாம்மா" என்றார் பரசுராமன், பெரிய மனசோடு. அவள் ஓடிப் போய்விட்டாள். கூட்டத்திலிருந்து ஒருவரும் அவளிடம் எந்தச் சுகாதார நிலையம் என்று கேட்கவில்லை. எல்லாரும் பரசுராமனிடம் எந்தக் கடை என்று கேட்டார்கள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு குலுக்குகிற பாட்டில்கூடக் கிடையாது. இருந்தாலும் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. அதிலும் மோர்தான் ஊற்றிக் குடிக்கிறீர்கள். பரசுராமனை நினைத்து ஆரம்பத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தீர்கள். நல்லது. ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். மாரிசெல்விக்கு ரத்தம் எடுத்த இடத்தில் உங்கள் கண் நிற்கவே இல்லை. ஆனால் அந்த மாத்திரை வந்த இடத்தில் நின்றது, நானும் கவனித்தேன். என்ன பெயர், எத்தனை மில்லிகிராம், காலையிலா சாப்பாட்டுக்குப் பிறகா, எனக்கும் கொஞ்ச நாளாக அசதியாகத்தானே இருக்கிறது என்று முன்னும் பின்னும் தேடினீர்கள்.

வேண்டுமென்றேதான் எழுதவில்லை.